ஆற்றங்கரை மனஸ்தாபம்

தளபதி நாற்காலியை விட்டு எழுந்து வந்து தோளில் கை போட்டபோதே மேஸ்திரிக்கு இது நல்லதற்கில்லை என்று தெரிந்துவிட்டது. பெரிய மனிதர்கள் உட்கார்ந்தபடி சொன்னால் அது வேலை. எழுந்து வந்து சொன்னால் அது வினை.

"கால் எப்படி இருக்கு மேஸ்திரி?"

"இருக்குங்கய்யா. மழைக்காலத்துல மட்டும் பழசை ஞாபகப்படுத்தும்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பழசு நமக்கு எதுக்கு?"

அவர் இப்போது எந்தப் படைக்கும் தளபதி இல்லை. பேரரசோடு சமாதானம் ஆனதும் ராஜாவின் படையைப் பாதிக்குமேல் கலைத்துவிட்டார்கள். அவரைச் சாலைகளுக்கு அதிகாரியாகப் போட்டார்கள். சுவரில் வாள் தொங்கிய ஆணியில் அளவுச் சங்கிலி தொங்கியது. மேஜைமேல் கிண்ணம் கிண்ணமாக ஜல்லியும் மணலும் மாதிரிக்கு வைத்திருந்தார்கள். ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் தளபதிதான். அவருக்கும் அதில் குறையில்லை.

"பேரரசரோட மூத்த மகன் நம்ம ஆத்தோரச் சாலை வழியா வர்றாரு. அந்தக் கரையில நிக்குதே கல்லுங்க, அதை எடுத்துடணும்."

மேஸ்திரி மேஜைமேலிருந்த ஜல்லிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

அந்தக் கல் ஒவ்வொன்றும் ஓர் ஆள். ராஜா வாலிபனாக இருந்தபோது கப்பம் கட்டமாட்டேன் என்று மீசையை முறுக்கினார். பேரரசின் படை ஆற்றைத் தாண்டி வந்தது. அரை நாள் கூடத் தாங்கவில்லை. ராஜாவையும் தளபதியையும் மலைப்பாதையில் தப்பவிட, கரையில் ஒரு சிறு கூட்டம் நின்று சண்டை போட்டது. அதற்குத் தலைமை மேஸ்திரியின் அண்ணன். நின்றவர்களில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. மேஸ்திரிக்கு அதற்கு முன்பே வண்டிச் சக்கரம் காலில் ஏறிவிட்டதால் உயிர் தப்பியது. காலும் பாதி தப்பியது. பிறகு ராஜா பணிந்தார். மகுடம் தலையில் இருந்தது, தலைதான் குனிந்துவிட்டது. அந்த வெட்கம் ஆறுவதற்குள் செத்தவர்களுக்குக் கரையில் பெயர் வெட்டி ஆளுக்கொரு கல் நட அனுமதி கொடுத்தார். வெட்கம் ஆறியபிறகு கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டார்.

"இளவரசர் பார்த்தா என்ன நினைப்பார், சொல்லு. நம்ம ஆளுங்களைக் கொன்னது அவங்க அப்பா. முகத்துல அடிச்ச மாதிரி இருக்காது?"

"போர்னா சாவு இருக்கத்தானேங்க செய்யும்."

"போர்னு சொல்லாதே." தளபதி குரலைத் தாழ்த்தினார். "அரண்மனையில இப்ப அந்தச் சொல்லே கிடையாது. ஆற்றங்கரை மனஸ்தாபம். அப்படித்தான் எழுதணும், அப்படித்தான் பேசணும்."

"மனஸ்தாபம்னா மாமியாருக்கும் மருமகளுக்கும் வர்றதுங்கய்யா."

தளபதி சிரித்தார். பிறகு சிரித்ததற்காகவே கோபித்துக்கொண்டார். "உன் அண்ணன் அன்னிக்கு நிக்கலேன்னா நான் இன்னிக்கு இங்க இல்ல. எனக்குத் தெரியாதா? அதான் உன்னைக் கூப்பிட்டு மரியாதையா சொல்றேன். சிறுபாலத்துக்குப் பலகைக்கல் பத்தலைன்னியே, அதுக்குப் போட்டுக்க. அந்நியன் கையில போறதுக்கு நம்ம ரோட்டுக்கே ஆகட்டும்."

மேஸ்திரி வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலறையில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். தானியக் கிடங்குக்குச் சாக்கு தைத்துத்தான் அவள் மகனை ஆளாக்கினாள். மேஸ்திரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நொண்டிக் காலுக்குப் பெண் கிடைக்காதது பாதி, அண்ணன் வீட்டை விட்டுப் போக மனமில்லாதது பாதி. இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதை ஊர் வாய் கொஞ்ச நாள் மென்றது. சாறில்லாமல் போகவே துப்பிவிட்டது.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள். "என்னிக்கு எடுக்கறாங்க?"

"உனக்கு யாரு சொன்னா?"

"கிடங்குல தெரியாத சேதி அரண்மனையிலகூடக் கிடையாது தம்பி. அவர் கல்லை மட்டும் நம்ம கொல்லையில வச்சுக்கறேன்னு கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கன்னாரு."

"கேக்கட்டுமே. அவங்கவங்க புருஷனைத்தானே கேக்கறாங்க. இவர் வீட்டுப் பாத்திரத்தையா கேக்கறோம்?" கோணி ஊசியை நூலோடு சாக்கில் குத்தி நிறுத்தினாள். "சரி. நீயே எடு. எவனோ ஒருத்தன் கடப்பாரையை விட்டு நெம்பறதை என்னால பார்க்க முடியாது."

அண்ணன் கல்லை மேஸ்திரி தன் கையாலேயே எடுத்தார். மற்றக் கற்களை ஆட்கள் பெயர்த்தார்கள். அதை மட்டும் அவர் சுற்றிலும் மண்ணைக் கையால் பறித்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் சாய்த்து எடுத்தார். சிறுபாலத்தில் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார். சக்கரம் பட்டுப் பெயர் தேயக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவரால் அதைப் பார்த்துக்கொண்டு மேலே மண் தள்ள முடியவில்லை.

இளவரசர் வந்தார். சாலையோரத்தில் ஊரே நின்று கையசைத்தது. திரை போட்ட வண்டிக்குள் அவர் நல்ல தூக்கத்தில் இருந்ததாகப் பின்னால் வந்த குதிரைக்காரன் சொல்லிக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து அண்ணி கிடங்குக்குப் போகும்போது அந்தப் பாலத்தின் மேல் கால் வைக்கமாட்டாள். பள்ளத்தில் இறங்கி, சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் ஏறுவாள். யாரிடமும் அதைப்பற்றிப் பேசியதில்லை. அப்பன் முகம் நினைவில்லாத மகன், ஊரே நெட்டையன் என்று கூப்பிடும் அந்தப் பிள்ளை, கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு அவளோடு திரும்பும்போது அவனும் பேசாமல் பள்ளத்தில் இறங்கி ஏறுவான்.

பேரரசர் செத்தது அடுத்த ஆண்டு. இரண்டு மகன்களும் நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். நம் ராஜாவின் காதில் யாரோ போய், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுங்கள் மகாராஜா என்று ஊதினார்கள். யாரோ என்ன, தளபதியேதான். அவருக்குச் சாலை போட்டுப் போட்டு அலுத்திருந்தது. கப்பத்தை நிறுத்தினார்கள். தோல் உறைக்காரனுக்கும் இரும்புப் பட்டறைக்காரனுக்கும் ராத்திரி பகல் வேலை. மனஸ்தாபம் மறுபடி போர் ஆனது. வெறும் போர் இல்லை, வீரப்போர். தெருமுனையில் தமுக்கடிப்பவன் அப்படித்தான் சொன்னான். சொல்லிப் பழக்கமில்லாததால் முதல் நாள் வாய் குழறி வீர மனஸ்தாபம் என்றுவிட்டு உதை வாங்கினான்.

மேஸ்திரிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துளிர்த்தது. கூப்பிடுவதற்கு முன்பே தளபதியின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, கல்லையெல்லாம் எடுத்து மறுபடி நட்டுடலாங்களா? எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"பைத்தியமா உனக்கு? அதைப் பேர்த்தா பாலம் போயிடும். பீரங்கி எது வழியா போகும்?" தளபதி சீருடையின் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார்; வயிறு இடம் கொடுக்கவில்லை. "புதுசா ஒரே கல்லு செதுக்கச் சொல்லியாச்சு. ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு."

"பேருங்க?"

"மாவீரர்கள்னு மொத்தமா இருக்கு. மேல மகாராஜா பேரு. அதை விடு. திறப்பு விழாவுக்கு உன் அண்ணி மேடை ஏறணும். கரையில நின்னு செத்தவன் பொண்டாட்டி. புருஷனைத் தந்தேன், இப்ப பிள்ளையைத் தர்றேன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். ஆள் சேரமாட்டேங்குதுப்பா. சுத்து வட்டாரத்துல எவனும் வீட்டை விட்டு வெளிய வரலை."

மேஸ்திரி அண்ணியிடம் சொன்னபோது அவள் கத்துவாள் என்று நினைத்தார். அவள் கத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா, அவரைப் பார்க்கலாம்" என்று முன்னால் நடந்தாள்.

தளபதி அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"நான் பேசறேங்க. ஆனா என் பையன் கோட்டைக்குள்ள, கிடங்குலதான் இருக்கணும். சண்டை நடக்கற பக்கம் அவன் ஒரு அடி வைக்கக்கூடாது."

தளபதி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார்.

"இது வெளிய தெரிஞ்சா எல்லா அம்மாவும் வந்து நிப்பாங்களேம்மா."

"தெரியாது. அவனுக்கே தெரியாது. தெரிஞ்சா அவன் ஒத்துக்கமாட்டான்."

"சரி. எழுதித் தரவா?"

"எழுத்து வேணாங்க. எழுதினதை எல்லாம் நாங்க பாலத்துக்கு அடியில வச்சிருக்கோம். உங்க வாயால சொல்லுங்க."

தளபதியின் முகம் கறுத்தது. ஆனாலும் ஆள் வேண்டியிருந்தது. "என் பொண்ணு மேல ஆணை. உன் மகன் கிடங்குல இருப்பான்" என்றார்.

அரண்மனையிலிருந்து ஒரு புலவர் வந்து அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரு சூரியனைத் தந்தேன், ஒரு சந்திரனைத் தருகிறேன் என்று தொடங்கி, குருதி, வாகை, பகைவர் சிரம் என்று நீண்டது. அண்ணி கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். ராத்திரி சாக்கு தைக்கும்போதும் உதடு முணுமுணுத்தபடி இருந்தது. "சூரியனாம். வீட்டு விளக்குக்கு எண்ணெய் ஊத்த ஆளில்லாமப் பண்ணிட்டு" என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான்.

விழா அன்று சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. பெரிய கல்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ராஜா பேசினார், தளபதி பேசினார். கூட்டம் வெயிலில் நெளிந்தது. பிறகு அண்ணியை ஏற்றினார்கள். அவ்வளவு முகங்களைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. சூரியன் மட்டும் ஞாபகம் இருந்தது, அதுவும் தலைக்கு மேலே சுட்டெரித்துக்கொண்டிருந்ததால். புலவர் கீழேயிருந்து அடி எடுத்துக்கொடுத்தார். அவளுக்குக் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை. மேஸ்திரி மேடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது சொல்லு அண்ணி, ஏதாவது சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினார்.

"அன்னிக்குக் காலையில அவரு செருப்பு வாரு அறுந்திருந்துச்சு" என்று ஆரம்பித்தாள். "இருங்க, ரெண்டு தையல் போட்டுத் தர்றேன்னேன். நேரமில்ல, வந்து பார்த்துக்கலாம்னு கட்டி இழுத்துக்கிட்டே போனாரு. திரும்பி வரலை. நான் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன், வாரு அறுந்த செருப்போட எப்படி நின்னாரோன்னு. என் பிள்ளை அப்ப கைக்குழந்தை. அப்பாங்கற சொல்லை அவன் யாரைப் பார்த்தும் சொன்னதில்ல."

முன்வரிசையில் ரொட்டிக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் இரண்டு மகன்களும் பக்கத்தில் நின்றார்கள்.

இதோடு, பிள்ளையைத் தருகிறேன் என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். ஆனால் அண்ணியின் கண் அந்தத் தாயின்மேல் விழுந்தது, அந்தப் பையன்கள்மேல் விழுந்தது. என்ன நினைத்தாளோ. பிள்ளையை ஒளித்து வைத்தவள் என்று யாராவது தன்மேல் சொல்லிவிடுவார்களோ என்று பயந்த அதே சொல்லை அவளே எடுத்தாள்.

"இவனையும் தர்றேன். ஊருக்கு ஒண்ணுன்னு வரும்போது வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கற பிள்ளை எனக்கு வேணாம்."

கூட்டம் போட்ட சத்தத்தில் கல்லின்மேலிருந்த துணியை இழுக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். பையன்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஆள் எடுக்கும் மேஜைக்கு ஓடினார்கள். தளபதி மேடையிலிருந்து மேஸ்திரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நெட்டையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முகம் ஜொலித்தது. நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான். வலிக்கவே இல்லை என்பதுபோல் சிரித்தான்.

"அம்மா, உனக்குத் தெரியுமா, என்னைக் கிடங்குலயே போட்டிருந்தாங்க! மூட்டை எண்ணற வேலை. நான் விடுவேனா? நேரா போய் மாத்திக்கிட்டேன். முன்வரிசை ஈட்டிக்காரங்களோட."

அண்ணி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போய் மறுபடி மாத்திக்கிட்டு வா."

"என்னம்மா பேசறே? நீதானே சொன்னே, ஒளிச்சு வைக்கற பிள்ளை வேணாம்னு?"

"அது பொய்டா."

அவன் சித்தப்பாவைப் பார்த்தான். மேஸ்திரி தலையை ஆட்டினார். "ஆமாண்டா. உன்னைக் கிடங்குல வைக்கறேன்னு தளபதி வாக்குக் குடுத்ததாலதான் அம்மா மேடை ஏறினா. நான்தான் நடுவுல நின்னேன். உன் அம்மா மேல தப்பில்ல."

நெட்டையனின் முகத்திலிருந்த ஜொலிப்பு இறங்கி, அப்பனின் முகம் அதில் வந்து உட்கார்ந்தது. அதை அடையாளம் காண அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ரொட்டிக்கடைப் பசங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னாடி நின்னாங்கம்மா" என்றான். "சின்னவன் நீ பேசினதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தான். இப்ப நான் எப்படி கிடங்குல உக்காருவேன்? நீ சொன்னது உண்மைன்னா நான் போகாமக்கூட இருந்திருக்கலாம். பொய்யை நம்பி அவங்க போறதாலதான் நானும் போயாகணும்."

மேஸ்திரி நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு தளபதியிடம் ஓடினார். தளபதி சாவகாசமாகக் கேட்டார்.

"நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினேனா இல்லையா? கிடங்குலதானே போட்டேன்? பையனே வந்து மாத்திக்கிட்டா நான் என்ன பண்ண?"

"திருப்பி அனுப்பிடுங்கய்யா. உங்க பொண்ணு மேல ஆணையிட்டீங்களே."

"அது நான் மீறினாத்தானே மேஸ்திரி? தானா வர்ற வீரனைத் திருப்பி அனுப்பினா மத்தவன் என்ன நினைப்பான்? அதுவும் அந்தத் தாயோட பிள்ளையை!" அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும். "ரத்தம் அப்படிப்பா. அப்பனை மாதிரி" என்றார். அந்த இடத்திலேயே அவர் கழுத்தை நெரித்திருக்கவேண்டும் என்று மேஸ்திரிக்குப் பின்னாளில் பலமுறை தோன்றியது. அப்போது தோன்றவில்லை. அப்போது கும்பிட்டுவிட்டு வந்தார்.

புறப்படும்போது அண்ணி மகனின் செருப்பை வாங்கி, வார் இரண்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

பேரரசரின் மகன்கள் இருவரும் அவ்வளவு சீக்கிரம் கைகோத்துக்கொள்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பங்காளிச் சண்டையில் அடுத்தவன் தோட்டத்துக்குள் வந்தால் பங்காளிகள் ஒன்றாகிவிடுவார்கள் என்பது கூலிக்காரனுக்கும் தெரியும், ராஜாவுக்குத் தெரியவில்லை. இரண்டு படையும் சேர்ந்து வந்தன. முன்வரிசை முதல் மோதலிலேயே போய்விட்டது. ராஜா மறுபடி பணிந்தார். மகுடம் மறுபடி தலையிலேயே இருந்தது. கப்பம் இரட்டிப்பானது. எதிராளியின் குணம் தெரிந்தவர் என்று சமாதானம் பேசத் தளபதியைத்தான் அனுப்பினார்கள். அவரும் போய் நல்லபடியாகப் பேசிவிட்டு வந்தார்.

சேதி கொண்டுவந்தவன் ரொட்டிக்கடைக்காரியின் சின்ன மகன். வலது கை முழங்கையோடு போயிருந்தது. அவன் அண்ணனும் நெட்டையனும் ஒரே இடத்தில் விழுந்ததாகச் சொன்னான். உடலை எடுக்க விடவில்லையாம். அண்ணி கேட்டுக்கொண்டு, "உனக்கு வலிக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பிறகு தெரு அவளோடு பேசவில்லை. யாரும் ஏசவில்லை, கிணற்றடியில் அவள் வந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். இவள் வாய்தானே எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது என்று அந்த மௌனம் சொன்னது. இவள் பிள்ளையும்தானே போனான் என்பதால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் ரொட்டிக்கடைக்காரி வந்தாள். மேஸ்திரி கொல்லையில் இடிந்த சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசுவது கேட்டது.

"உக்காரு" என்றாள் அண்ணி.

"உக்கார வரலை. ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போறேன்." மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. "அன்னிக்கு மேடையில சொன்னியே, ஒளிச்சு வைக்கற பிள்ளை வேணாம்னு. அது அவங்க சொல்லிக்குடுத்ததா? இல்ல, நிஜமாவே உன் மனசுல இருந்து வந்துச்சா?"

மேஸ்திரியின் கை நின்றது. உள்ளே போய்விடலாமா, நானே சொல்லிவிடலாமா என்று பார்த்தார். கால் எழவில்லை.

"ஏன் கேக்கறே?"

"என் பெரியவன் முதல்ல போகமாட்டேன்னுதான் இருந்தான். நீ சொன்னதைக் கேட்டுட்டு என்னைப் பார்த்தான். நான்... நான்தான் போடான்னு தலையை ஆட்டினேன். உன் பேச்சைக் கேட்டு எனக்கும் அப்படித் தோணிடுச்சு. அது உன் மனசுல இருந்து வந்ததுன்னா பரவால்ல. ரெண்டு தாயும் ஒண்ணாத்தான் நெனச்சோம்னு இருந்துடுவேன். சொல்லிக்குடுத்ததுன்னா நான் எப்படித் தூங்குவேன்?"

சுண்ணாம்பு வெயிலில் இறுக ஆரம்பித்தது.

"நிஜமாத்தான் சொன்னேன்" என்றாள் அண்ணி. "யாரும் சொல்லிக்குடுக்கலை. என் மனசுல இருந்ததைத்தான் சொன்னேன்."

ரொட்டிக்கடைக்காரி ஓவென்று அழுதாள். அண்ணியின் அழுகை கேட்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து வாசற்கதவு சாத்தும் ஓசை வந்தது. மேஸ்திரி உள்ளே வந்தபோது அண்ணி மடியில் சாக்கோடு உட்கார்ந்திருந்தாள். கை தைத்துக்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணி?"

"வேற என்ன சொல்லச் சொல்றே? நீ சொல்லியிருப்பியா?"

மேஸ்திரி சுண்ணாம்புக்கே திரும்பிப் போனார்.

ரொட்டிக்கடைக்காரி தெருவெல்லாம் சொன்னாள். கிணற்றடியில் அண்ணிக்கு மறுபடி வழிவிட்டார்கள். முன்னைவிட அதிகமாகவே விட்டார்கள். அவள் வரும்போது சின்னப் பெண்கள் எழுந்து நின்றார்கள். தினமும் விடிந்ததும் அந்த ஒற்றைக் கைப் பையன் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். அண்ணி அதைத் தொடுவதில்லை. வீணாக்க மனம் வராமல் மேஸ்திரிதான் தின்பார்.